கொடைக்கானலில் டென்ட், ட்ரெக்கிங், ஏரி: எதுக்கு அனுமதி இருக்கு, எதுக்கு இல்லை?

வியாழக்கிழமை ராத்திரி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல் வந்து விழும். பனிமூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சு நிற டென்ட், பக்கத்தில் கேம்ப் ஃபயர், பின்னணியில் இளையராஜா. "யாரும் பார்க்காத கொடைக்கானல்" என்று தலைப்பு, கீழே ஒரு போன் நம்பர். ஏரி, நைட் ட்ரெக், பார்பிக்யூ எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். சனிக்கிழமை விடியும்போது ஆறு பேர் ஒரு காரில் வத்தலக்குண்டைத் தாண்டியிருப்பார்கள்.

இந்த பிளானில் பெரும்பாலும் யாரும் கேட்காத மூன்று கேள்விகள் இருக்கின்றன. டென்ட் போடும் இடம் யாருடையது? நடக்கப்போகும் பாதைக்கு அனுமதி இருக்கா? ஏதாவது ஆனால், நாம அங்கே இருக்கோம்னு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. 2018-ல் அதற்கு நாம் கொடுத்த விலை 23 உயிர். அதற்குப் பிறகு விதிகள் மாறியிருக்கின்றன, புதிய ட்ரெக்கிங் திட்டம் வந்திருக்கிறது, இ-பாஸ் வந்திருக்கிறது. ஆனாலும் அனுமதியில்லாத டென்ட் வியாபாரம் நிற்கவில்லை. ஏன்? சட்டப்படி போகணும்னா எப்படிப் போவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலை ஏறும் முன்: இ-பாஸ் யாருக்கு வேணும்?

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூரிலிருந்து வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29-ம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு மே 7-ம் தேதி இது நடைமுறைக்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்றுதான் சொன்னார்கள். பிறகு நீட்டிக்கப்பட்டது.

ஆரம்பத்தில் இது வெறும் கணக்கெடுப்பாகத்தான் இருந்தது. ஆன்லைனில் வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று பதிவு செய்தால் பாஸ் கிடைத்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்ததால் கூட்டம் குறையவில்லை. சீசன் நாட்களில் நீலகிரிக்கு மட்டும் ஒரே நாளில் சுமார் 20,000 வண்டிகள் வருகின்றன என்பது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு.

2025 மார்ச்சில் நீதிமன்றம் அடுத்த கட்டத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000 மற்றும் 8,000. உள்ளூர் மக்களின் வண்டிகள், அரசுப் பேருந்துகள், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கு இந்த வரம்பு கிடையாது. வியாபாரம் படுத்துவிடும் என்று நீலகிரி வணிகர்கள் ஏப்ரல் 2-ம் தேதி கடையடைப்பே நடத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அரசு பஸ்ஸில் போனால் இந்தக் கவலையே இல்லை. திண்டுக்கல், மதுரை, பழனி, வத்தலக்குண்டு என எல்லாப் பக்கமிருந்தும் கொடைக்கானலுக்கு பஸ் இருக்கிறது. காரில்தான் போவேன் என்றால், கிளம்புவதற்கு முன் அன்றைய நிலவரத்தை இ-பாஸ் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீசனுக்கு சீசன் இந்த விதி மாறுகிறது.

இன்னொன்று, 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இந்த மலைகளில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போவது நல்லது.

இது டூரிஸ்ட் ஸ்பாட் மட்டும்தானா?

கொடைக்கானல் என்றதும் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை என்றுதான் நினைவுக்கு வரும். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு குணா குகைக்குக் கூட்டம் பல மடங்கானது. ஆனால் ஊரைச் சுற்றியிருக்கும் காடு வேறு ரகம். 2013-ல் அரசு அதை கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயமாக அறிவித்தது. பரப்பளவு 608.95 சதுர கிலோமீட்டர். திண்டுக்கல், தேனி என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஒப்பிட்டுச் சொன்னால், விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் எல்லையைவிட (சுமார் 426 சதுர கிலோமீட்டர்) பெரியது.

யானை, காட்டுமாடு, கடமான், சிறுத்தை என எல்லாம் வாழும் காடு இது. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். புல்வெளி மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, சிறுகச் சிறுக ஓடைகளில் விடும். கீழே பழனிப் பக்கமும் பெரியகுளம் பக்கமும் போகும் தண்ணீரின் தொடக்கம் இந்த மலைதான்.

சரணாலயம் என்பதால் 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும். அதன்படி அனுமதி பெற்றவர்கள்தான் உள்ளே போக முடியும். சுற்றுலா, போட்டோ எடுப்பது, ஆராய்ச்சி போன்ற காரணங்களுக்கு வனத்துறை அனுமதி தரலாம். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது தனிக் குற்றம். விதியை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் காப்புக்காடுகளிலும் சும்மா நுழைய முடியாது. அங்கே தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இருக்கிறது.

அதனால்தான் "ரோட்டோரம் வண்டிய நிறுத்திட்டு சும்மா உள்ளே கொஞ்ச தூரம் நடந்தோம்" என்பது சட்டத்தின் பார்வையில் சும்மா கிடையாது. அனுமதி இல்லாமல் ட்ரோன் விடுவதும் அதே கணக்கில்தான் வரும்.

டென்ட்டில் தங்கலாமா?

காட்டுக்குள் என்றால், நேரடியான பதில்: நீங்களாகப் போய் டென்ட் போட முடியாது.

குழப்பம் வருவது பட்டா நிலத்தில்தான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்கள் பல இருக்கின்றன. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் ஊர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கிராமங்களின் தோட்டங்களில்தான் டென்ட்கள் முளைக்கின்றன. "பட்டா இடம் சார், எந்தப் பிரச்னையும் வராது" என்பது புக்கிங் எடுப்பவர்கள் சொல்லும் வழக்கமான பதில்.

பட்டா இருப்பது வேறு, தங்க வைத்துக் காசு வாங்க அனுமதி இருப்பது வேறு. ஹோம்ஸ்டே, கேம்பிங், சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உள்ளாட்சி, தீயணைப்புத் துறை, காட்டை ஒட்டிய இடமென்றால் வனத்துறை என்று மற்ற அனுமதிகளும் உண்டு. கொடைக்கானலில் அதிகாரிகள் ரெய்டு போய் டென்ட்களைப் பிரித்துப் போட்டார்கள் என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு உதாரணம் போதும். 2021 ஜனவரியில் கேரளாவின் வயநாட்டில், மேப்பாடி பக்கம் காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் டென்ட்டில் தங்கியிருந்த 26 வயது ஆசிரியையை யானை தாக்கியது. அவர் இறந்துபோனார். யானை நடமாடும் இடத்தில், துணியால் ஆன ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நாம் தூங்குகிறோம் என்பதுதான் அங்கே பிரச்னை. சமைத்த உணவின் வாசனை, குப்பை, உப்பு எல்லாம் விலங்குகளை இழுக்கும்.

இதை எழுதும் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. காலேஜ் முடித்த வருஷம், நண்பர்கள் ஐந்து பேர் இதே மாதிரி ஒரு நம்பருக்கு போன் செய்து மேல்மலையில் ஒரு டென்ட் கேம்ப்புக்குப் போனோம். ரசீது கேட்டோம், "ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதும் தம்பி" என்றார். ராத்திரி ஒன்றரை மணிக்கு டென்ட்டுக்கு வெளியே கனமான மூச்சுச் சத்தம். துணிக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை, கேம்ப் ஆள் கீழே ஊருக்குத் தூங்கப் போய்விட்டார். நாற்பது நிமிஷம் யாரும் அசையவில்லை. அது தானாகப் போய்விட்டது. காலையில் நாங்களும் ரீல் போட்டோம். அந்த நாற்பது நிமிஷம் மட்டும் அதில் இல்லை.

குரங்கணியில் என்ன நடந்தது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்குப் பக்கத்தில் குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள், பெண்கள் அதிகம், ஐடியில் வேலை பார்த்தவர்கள் பலர். சனிக்கிழமை கொழுக்குமலைக்கு ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது காட்டுத்தீ சூழ்ந்தது.

முதலில் மேலே ஓடிப்போய் கைகொடுத்தவர்கள் குரங்கணி கிராமத்து மக்கள். பிறகு வனத்துறை, தீயணைப்பு வீரர்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள். ராத்திரி முழுக்க டோலி கட்டி ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அன்றும் அடுத்த வாரங்களில் ஆஸ்பத்திரிகளிலுமாக, மொத்தம் 23 பேர் இறந்தார்கள்.

அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது அரசுத் தரப்பு சொன்னது. பணம் கட்டிப் போனவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஒரு குழுவை நம்பிப் பெயர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு ரீலைப் பார்த்து நாம் போன் செய்வதும் அதே நம்பிக்கையில்தான்.

அந்தத் தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஜனவரியில் பனி விழுந்து, பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும்போது மலைப் புல் காகிதம் மாதிரி காய்ந்துவிடும். பகலில் சூடான காற்று சரிவில் கீழிருந்து மேலே வீசும். தீயின் வெப்பமும் மேல்நோக்கிப் போய், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்தி வைக்கும். அதனால் சமதரையைவிட ஏற்றத்தில் தீ பல மடங்கு வேகமாக ஓடும். மனிதன் ஏற்றத்தில் ஓடும் வேகமோ குறையும். தீயைப் பார்த்தால் மேலே ஓடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஒரு உள்ளூர் ஆள் கூட இருந்தால், அந்த ஐந்து நிமிஷத்தில் எடுக்கும் முடிவே மாறும்.

இப்போ ட்ரெக்கிங் எப்படிப் போகலாம்?

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே தமிழ்நாடு அரசு ட்ரெக்கிங்கை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். நடத்துபவர்கள் பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டி கட்டாயம். காட்டுத்தீ காலத்தில் ட்ரெக்கிங் கிடையாது. பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடுவது வழக்கம்.

அடுத்த பெரிய மாற்றம் 2024 அக்டோபரில் வந்தது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங். அந்தந்தப் பகுதி இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். இவை அடிப்படையில் பகல்நேர நடைகள். காட்டுக்குள் ராத்திரி தங்கல் கிடையாது.

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் முதல் வெள்ளகவி வரையிலான பாதை இந்தப் பட்டியலில் இருக்கிறது. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கும் பாதை. வெள்ளகவி பல தலைமுறைகளாக ரோடு இல்லாமல் வாழ்ந்த கிராமம். வண்டிப்பாதை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து மக்கள் கொடைக்கானலுக்கு ஏறி வந்த பழைய வழியும் இந்தப் பக்கம்தான். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். ஜிம் ட்ரெட்மில் கணக்கை நம்பி வராதீர்கள்.

பட்டியலில் குரங்கணி முதல் சாம்பலாறு வரையிலான பாதையும் இருக்கிறது. 23 பேரை இழந்த அதே மலையில் இன்று யார் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அனுமதிச் சீட்டின் உண்மையான பயன் இதுதான். மாலையில் நீங்கள் வந்து சேரவில்லை என்றால் தேடி வர ஒருவர் இருக்கிறார்.

ஏரியில் என்ன செய்யலாம்?

மூன்று ஏரிகள், மூன்று விதமான விதிகள்.

கொடைக்கானல் ஏரி: ஊருக்கு நடுவே நட்சத்திர வடிவில் இருக்கும் ஏரி. 1863-ல் அப்போதைய மதுரை கலெக்டர் வேரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர். துடுப்புப் படகு, பெடல் படகு எல்லாம் உண்டு. கரையைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்டலாம். குளிக்க, நீந்த முடியாது.

மன்னவனூர் ஏரி: கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் இங்கே இருக்கிறது, பரிசலில் போகலாம். சுற்றிலும் புல்வெளி, பக்கத்தில் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. ரீலில் காட்டும் "மறைந்திருக்கும் ஏரி"க்குக் கிட்டத்தட்ட இதே காட்சிதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம்.

பேரிஜம் ஏரி: சரணாலயக் காட்டுக்குள் இருக்கிறது, ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதியோடு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வண்டிகள் பகலில் மட்டும் போகலாம். படகு கிடையாது, குளியல் கிடையாது, தங்கல் கிடையாது. இது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. யானைக் கூட்டம் வந்துவிட்டால் அன்றைக்கு, சில நேரம் வாரக்கணக்கில், அனுமதி நிறுத்தப்படும். இதைக் கேட்டு "இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியலையே" என்று கோபப்படுகிறவர்கள் நிறைய. ஆனால் அங்கே வீட்டுக்காரர் யானை, விருந்தாளி நாம்.

ஏரியைவிட ஆபத்தானவை அருவிகள். பேத்துப்பாறை பக்கம் அஞ்சுவீடு அருவியில் மூழ்கி இளைஞர்கள் இறந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. மேலே பார்க்க அமைதியான தடாகம். உள்ளே ஆழம், வழுக்குப் பாறை, சுழல். மலைத் தண்ணீர் மிகக் குளிர்ச்சியாக இருப்பதால் திடீரென்று குதிக்கும்போது உடம்பு அதிர்ந்து மூச்சு தானாக உள்ளே இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் நல்லா நீச்சல் தெரிந்தவர்களும் திணறுவார்கள். தடுப்பு வேலி இருக்கும் இடத்தில் அதைத் தாண்டாமல் இருப்பது போதும், பாதி ஆபத்து போய்விடும்.

விதி இருந்தும் ஏன் மீறல் நிற்கலை?

போலீஸ் கண்டிப்பாக இல்லை, இளைஞர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்வது சுலபம். அது பாதிக் கதைதான்.

இன்னொரு பாதியைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பார்க்கலாம். மலை, ஏரி, அருவி, கரடி எல்லாம் இருக்கும் பெரிய பூங்கா அது. அங்கேயும் கட்டுப்பாடு கடுமைதான். ஹாஃப் டோம் என்ற புகழ்பெற்ற பாறையில் கம்பியைப் பிடித்து ஏறும் பாதைக்கு 2010-லிருந்து பர்மிட் வேண்டும். ஒரு நாளைக்கு சுமார் 300 பேர், அதுவும் குலுக்கல் முறையில். காட்டில் தங்கப் போகிறவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஆனால் அதே பூங்காவுக்குள் 13 அதிகாரபூர்வ கேம்ப் மைதானங்கள் இருக்கின்றன. டென்ட் போட ஒதுக்கிய இடம், கழிப்பறை, தீ மூட்டத் தனி இடம், கண்காணிக்க ரேஞ்சர். "இங்கே கூடாது" என்று சொல்லும் அதே நிர்வாகம் "அங்கே போ" என்றும் சொல்கிறது.

யோசெமிட்டி சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். நம் மலையில் கிராமமும் தோட்டமும் காடும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே இருப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. யானை வழித்தடத்தில் கேம்ப் மைதானம் கேட்பது முட்டாள்தனம். ஆனாலும் கூடாது என்று சொன்ன பிறகு வேறு எங்கே போகலாம் என்று காட்டுவதில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பது உண்மை.

தேவை பெரிதாக வளர்ந்துவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு வார இறுதியில் மலைக்குப் போவது இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. சட்டப்படி டென்ட்டில் தங்க விரும்பும் ஒருவருக்கு, எந்த இடம் பதிவு பெற்றது என்று ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதி எளிதாக இல்லை. இ-பாஸுக்கு ஒரு தளம், ட்ரெக்கிங்குக்கு ஒரு தளம், பேரிஜத்துக்கு வேறு வழி, கேம்பிங் பதிவுக்கு வேறு துறை. அனுமதியில்லாதவருக்கோ ஒரு இன்ஸ்டா பக்கமும் ஒரு போன் நம்பரும் போதும். இரண்டு நிமிஷத்தில் புக்கிங் முடிந்துவிடும். நம் போட்டி அதோடுதான்.

கட்டணமும் ஒரு காரணம். ட்ரெக் தமிழ்நாடு தொடங்கியபோதே சில பாதைகளின் விலை அதிகம் என்ற விமர்சனம் வந்தது. மாணவர்களுக்கும் முதல் வேலையில் இருப்பவர்களுக்கும் அது கட்டுப்படியாகவில்லை என்றால், அவர்கள் மலைக்குப் போவதை விடமாட்டார்கள். வேறு வழியில் போவார்கள்.

மேல்மலை விவசாயியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பூண்டு விலை ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் விழும். போட்ட பயிரைக் காட்டுமாடும் பன்றியும் மேய்ந்துவிட்டுப் போகும். அப்படி இருக்கும்போது, "சனி, ஞாயிறு மட்டும் நிலத்தைக் கொடுங்க" என்று ஒருவர் கையில் காசோடு வந்தால் மறுப்பது கஷ்டம். ரெய்டில் டென்ட்டைப் பிரித்தால் நஷ்டம் அந்த விவசாயிக்கு. புக்கிங் எடுத்தவர் அடுத்த வாரம் வேறு தோட்டம் பார்த்துவிடுவார். அந்த விவசாயியே பதிவு செய்து, பாதுகாப்பான இடத்தில், சில அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்த அரசு கைகொடுத்தால் காசும் ஊரிலேயே தங்கும், கண்காணிப்பும் இருக்கும். ட்ரெக்கிங் வழிகாட்டி விஷயத்தில் இந்த முறை வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. தங்கும் விஷயத்தில் ஏன் முடியாது?

கிளம்புறதுக்கு முன்னாடி: ஒரு செக்லிஸ்ட்

• காரில் போனால் இ-பாஸ். இல்லையென்றால் அரசு பஸ்.

• தங்கும் இடத்தின் சுற்றுலாத் துறை பதிவு எண்ணைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயங்கினால் புக் செய்யாதீர்கள். ஜிஎஸ்டி பில் அல்லது ரசீது கேட்பதும் நல்ல சோதனை.

• "நைட் ட்ரெக்", "ஆஃப் ரோடு ஜீப்", "காட்டுக்குள் கேம்ப் ஃபயர்" இந்த மூன்றில் ஒன்று பேக்கேஜில் இருந்தாலும் ஜாக்கிரதை. சரணாலயத்தில் இதற்கெல்லாம் அனுமதி கிடைக்காது.

• பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை மலை நடைக்கு பிளான் போடாதீர்கள். அந்த நேரத்தில் யாராவது கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால், அதுவே பெரிய எச்சரிக்கை.

• அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு, மூடுபனி, அட்டை எல்லாம் உண்டு. ரெயின் ஜாக்கெட், பிடிமானமுள்ள ஷூ, ஒரு ஜோடி மாற்று சாக்ஸ் கட்டாயம். ஈரத்தில் நனைந்து காற்றில் நின்றால் 2,000 மீட்டர் உயரத்தில் உடல் சூடு வேகமாகக் குறையும்.

• எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் அனுப்புங்கள். மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள்.

• காட்டுமாடு சாதுவாக நிற்பதுபோல் தெரியும். செல்ஃபிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே அது முட்டிக் காயமடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

• கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பிஸ்கட் கவரும் சேர்த்துத்தான்.

• அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

கடைசியாக

இதையெல்லாம் படித்துவிட்டு "இவ்வளவு ரூல்ஸ் இருந்தா போகவே வேண்டாம்போல" என்று தோன்றலாம். அப்படி நினைக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை வட்டக்கானலிலிருந்து வழிகாட்டியோடு வெள்ளகவி நடை, ராத்திரி பதிவு பெற்ற ஒரு ஹோம்ஸ்டேயில் சூடான சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மன்னவனூரில் பரிசல், மத்தியானம் பஸ். நடை, ஏரி, குளிர், நண்பர்கள் என ரீலில் பார்த்த எல்லாமே இதில் இருக்கிறது, டென்ட் மட்டும்தான் இல்லை. அந்த டென்ட்டையும் சட்டப்படி, பாதுகாப்பான இடத்தில் போட வழி செய்யுங்கள் என்று அரசிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. கேட்போம்.

அதுவரை, அடுத்த வியாழக்கிழமை குரூப்பில் ரீல் வந்தால், போன் நம்பரைச் சேவ் செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை டைப் செய்யுங்கள்: "நாம அங்கே இருக்கோம்னு யாருக்குத் தெரியும்?"